சேமிக்க இயலாச் செல்வம்

ஊரில் உள்ள உடற்பயிற்சிக் களம் எதுவாயினும், அதன் ஆண்டு வரலாறு பெரும்பாலும் ஒரே தன்மையதாக இருக்கக் காணலாம். சனவரித் திங்களின் முதல் வாரத்தில் அங்கே நிற்கவும் இடம் இராது. கதிரவன் எழுமுன்பே எழுந்து வந்த இளைஞர் பலர் ஓடுவர். சிலர் தண்டால் எடுப்பர். சிலர் கர்லாக் கட்டையைச் சுழற்றுவர். புதிய காலணியும் புதிய உடையும் புதிய ஊக்கமும் எங்கும் விளங்கும். பொங்கல் விழா வந்து செல்லும். விழாவிற்காக விடுத்த இரண்டு நாள் நான்காகும், நான்கு பத்தாகும். தைத் திங்கள் நிறைவுறுவதற்குள் களம் பாதி வெறிதாகிவிடும். பங்குனி வெயிலில் சென்று பார்ப்பவர் கண்ணுக்கு, பல ஆண்டுகளாக நாள் தவறாது வந்துகொண்டிருக்கும் நான்கைந்து முதியவர்களே தென்படுவர். தொடங்கும்போது பெருவீரம் காட்டிப் பின்னர் ஓய்ந்துவிடும் இவ்வியல்பை 'ஆரம்ப சூரத்தனம்' என்று கூறி மக்கள் நகைப்பர்.

நகைத்துவிட்டு மறந்துவிடத் தக்க குற்றமோ இது? பிற துறைகளிலாயின் ஓரளவு அவ்வாறு கொள்ளலாம். இளமையில் நீந்தக் கற்ற ஒருவன் இருபது ஆண்டுகள் நீரில் இறங்காதிருந்தாலும், இறங்கிய அன்று மிதக்கவே செய்வான். மிதிவண்டி ஏறப் பழகியவன் அதனை மறப்பதில்லை. வாங்கிய நிலம் உழுவாரின்றிக் கிடப்பினும் நிலமாகவே கிடக்கும். ஆனால், அந்த நீச்சற்காரன் ஆற்றின் நடுப்பகுதியை அடைவதற்குள் மூச்சு வாங்கித் திணறுவான். நீந்தும் முறை அவன் கைகளுக்கு நினைவிருக்கின்றது. முன்னாளில் இருந்த வலிமையோ நெஞ்சுக்கும் தசைக்கும் இல்லை. கற்ற கலை நிலைத்தது. பெற்ற வலிமை நீங்கிவிட்டது. உடற்பயிற்சியால் வரும் நலம், ஈட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடிய செல்வம் அன்று. செய்யும் நாள் வரையில் அது நிற்கும், விடுத்தால் விலகும்.

உடலுழைப்பு உடலுக்கு நன்று என்பதை முன்னோர் எந்நாளும் அறிந்திருந்தனர். எனினும், அந்நன்மை எத்துணையது, அதனை அளந்து காட்ட முடியுமா என்னும் வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் தெளிவான விடை கிடைக்கத் தொடங்கிற்று. அவ்விடைக்கு வழிகாட்டியவை இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகள் எனின் வியப்பாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய நாட்டில் மாரடைப்பு நோய் பெருகி வந்தது. நடுவயதினர் பலர் திடீரென மாண்டனர். காரணம் இன்னதென்று எவர்க்கும் விளங்கவில்லை. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், மக்கள் செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புகுந்தார். இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஏறத்தாழ 31,000 ஆடவரைப் பற்றிய செய்திகளை அவரும் அவர் தோழர்களும் திரட்டினர். அவர்களுள் ஓட்டுநரும் நடத்துநரும் அருகருகே வைத்து ஒப்பிடத் தக்கவராய் அமைந்தனர். இருவரும் ஒரே ஊரினர். ஒரே பேருந்தில் ஒரே நேரத்தில் பணி செய்வோர். வேறுபாடு ஒன்றே. ஓட்டுநர் தம் பணி நேரத்தின் பெரும்பகுதியும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காகக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டிற்கும், மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டிற்கும் ஓயாது ஏறி இறங்கினார். ஒரு நாளில் அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை இருக்கும்.

ஆராய்ச்சியின் முடிவு 1953-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. நடத்துநர்க்கு நோய் அறவே வராமற் போகவில்லை. ஆயினும், ஓட்டுநரைவிட அவர்க்குக் குறைவாக வந்தது. வந்தபோதும் பிற்பட்ட வயதில் வந்தது. உடனே உயிரைக் கவரும் கொடுமையும் குறைந்திருந்தது. அஞ்சல் துறையிலும் இவ்வாறே ஒப்பிட்டுப் பார்த்தனர். நடந்தும் மிதிவண்டியில் சென்றும் கடிதம் வழங்கிய அஞ்சற்காரர், மேசை முன் அமர்ந்து எழுதிய எழுத்தரைவிட நலமுற்றிருந்தனர்.

அறிஞர் உலகம் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. இயல்பிலேயே பருத்த உடலினர் ஓட்டுநர் வேலையையும், மெலிந்து சுறுசுறுப்பானவர் நடத்துநர் வேலையையும் நாடியிருக்கலாகாதோ என்று சிலர் வினவினர். நல்ல வினாவே. மாரிஸ் அதற்கு விடை தேடிய முறை சுவையானது. நிறுவனம் தன் பணியாளர்க்குச் சீருடை தைத்துக் கொடுத்து வந்தது. தையற் கணக்கில் ஒவ்வொருவருடைய காற்சட்டையின் இடுப்பளவும் குறிக்கப்பட்டிருந்தது. அக்கணக்கை வாங்கிப் பார்த்தபோது, ஓட்டுநரின் இடுப்பு பருத்தே இருந்தது உண்மை எனத் தெரிந்தது. ஆனால், மெலிந்த ஓட்டுநரை மெலிந்த நடத்துநரோடும், பருத்தவரைப் பருத்தவரோடும் வைத்து ஒப்பிட்டபோதும் நடத்துநரே நலமுற்றிருந்தனர். தையற்காரரின் ஏடு மருத்துவ நூலுக்குச் சான்றாயிற்று.

இங்கே கருதத் தக்கது ஒன்று உண்டு. அந்நடத்துநருள் ஒருவரேனும் 'இன்று முதல் நாள்தோறும் ஐந்நூறு படி ஏறுவேன்' என்று சூளுரைத்தவர் அல்லர். உடலை வளர்க்க வேண்டும் என்னும் நோக்கம் அவர்க்கு இருந்ததாகவும் தெரியவில்லை. பயணிகள் மேல்தட்டில் அமர்ந்திருந்தமையால் ஏறினார், அவ்வளவே. மனத்தின் ஊக்கம் ஏறினாலும் இறங்கினாலும் அவர் கால்கள் படி ஏறின. ஆண்டுக்கணக்கில் ஏறின. நலம் தந்தது படியின் செங்குத்து மட்டும் அன்று. அது நாள்தோறும் காத்திருந்தமையும் ஆகும்.

நாள்தோறும் என்னும் அச்சொல்லின் எடையை அமெரிக்க நாட்டில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் தெளிவாகக் காட்டிற்று. ரால்ஃப் பாஃபன்பார்கர் என்னும் அறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1916 முதல் 1950 வரை சேர்ந்து பயின்ற ஏறத்தாழ 17,000 ஆடவரை ஆராய்ந்தார். நாளொன்றுக்கு எத்தனை மாடிப்படி ஏறுகின்றீர், எவ்வளவு தொலைவு நடக்கின்றீர், எவ்விளையாட்டை ஆடுகின்றீர் என்று அவர்களுக்குக் கடிதம் வாயிலாக வினாக்கள் விடுத்தார். பின்னர் அவர்களுள் எவரெவர்க்கு மாரடைப்பு வந்தது என்பதைக் கண்டறிந்தார். முடிவுகள் 1978-ஆம் ஆண்டில் வெளியாயின.

கல்லூரி நாள்களில் விளையாட்டு வீரராகப் புகழ்பெற்றுக் கோப்பைகள் வென்றவர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். அவர்களுள் பட்டம் பெற்றபின் விளையாட்டைக் கைவிட்டுச் சாய்வு நாற்காலியை நாடியவரை, பழைய வீரம் நோயினின்று காக்கவில்லை. கல்லூரியில் பந்தைத் தொட்டும் பாராது, பிற்காலத்தில் நடக்கவும் ஓடவும் பழகித் தொடர்ந்து செய்துவந்தவர்களோ காக்கப்பட்டனர். பிறவியிலேயே வலிய உடல் பெற்றோர்தாம் விளையாட்டு வீரராகின்றனர், அதனால்தான் அவர்க்கு நோய் வருவதில்லை என்னும் வாதம் இதனால் வலியிழந்தது. பிறவி வலிமையே காரணமாயின், பயிற்சியை விட்டபின்னும் அது காத்திருக்க வேண்டும் அன்றோ? வீட்டு மாடத்தில் மின்னும் கோப்பை நெஞ்சுக்குள் இருக்கும் இதயத்திற்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. பாஃபன்பார்கர் தாமும் நாற்பது வயதைக் கடந்த பின்னரே ஓடத் தொடங்கியவர் என்பதும், பின்னர் 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாரத்தான் ஓட்டங்கள் பலவற்றை ஓடி முடித்தவர் என்பதும் குறிப்பிடத் தக்கன.

பயிற்சியை விட்டால் உடல் இத்துணை விரைவாக இழப்பது ஏன்? கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தவரைக் கண்டோர்க்கு இதன் விடை ஓரளவு தெரியும். ஆறு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தால், அந்தக் கை மற்றக் கையைவிட மெலிந்து சுருங்கியிருக்கும். எலும்பு கூடிவிட்டது, ஆனால், வேலையற்றிருந்த தசை தேய்ந்துவிட்டது. உடல் மிகுந்த சிக்கனம் உடையது. தசையை வளர்த்துக் காப்பதற்கு உணவு செலவாகும். தேவையற்ற வேலையாளுக்குக் கூலி கொடுத்து வைத்திருக்க எந்த உழவரும் விரும்பார். உடலும் அவ்வாறே, பயன்படாத தசையைக் குறைத்துக்கொள்கின்றது. இதயமும் ஒரு தசையே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1966-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் மருத்துவ அறிஞர் சிலர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். இருபது வயதுடைய நலம் மிக்க இளைஞர் ஐவர் சோதனைக்கு இசைந்தனர். மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாதிருத்தலே அவர் செய்ய வேண்டிய வேலை. நோய் இல்லை; காய்ச்சல் இல்லை; படுத்திருத்தல் ஒன்றே. மூன்று வாரம் முடிந்து அளந்து பார்த்தபோது, கடும் உழைப்பின்போது அவர்களுடைய உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் குருதியின் அளவு குறைந்தமையே இதற்குத் தலையாய காரணம். பின்னர் எட்டு வாரம் கடும் பயிற்சி அளிக்கப்பட்டது. இழந்ததை ஐவரும் மீட்டனர்; முன்னர்ப் பயிற்சியே இல்லாதிருந்த மூவர் தம் பழைய நிலையையும் தாண்டி உயர்ந்தனர். இவ்வைவரின் வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. எஞ்சிய பகுதியைப் பின்னர்க் காணலாம்.

பயிற்சியின் நலம் இவ்வாறு நாளோடு வந்து நாளோடு கழிவதாயின், எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதைக் காட்டிலும் எவ்வாறு விடாது செய்வது என்பதே பெரிய வினாவாகின்றது. பலர் இதனைத் தலைகீழாகக் கொள்கின்றனர். முதல் நாளிலேயே ஐம்பது தண்டால் எடுத்து, மறுநாள் கையைத் தூக்க இயலாது வருந்துவர். தசைவலி புதுப் பயிற்சிக்கு இயல்பானது. ஓரிரு நாளில் தீரும். ஆனால், வலியும் களைப்பும் கண்முன் நிற்க, நன்மையோ கண்ணுக்குத் தெரியாது மறைந்திருப்பதால் உள்ளம் சோர்கின்றது. ஒரு வாரம் ஓடியவர் கண்ணாடி முன் நின்று பார்த்தால், பழைய உருவமே அங்கே நிற்கும். உள்ளே நுரையீரலும் இதயமும் குருதிக் குழாய்களும் மாறத் தொடங்கியிருப்பதைக் கண்ணாடி காட்டுவதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். எறும்பின் முதல் நாள் ஊர்தலில் கல் தேய்ந்ததைக் கண்டவர் எவரும் இலர்.

பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும் என்பதையும் அளந்து பார்த்துள்ளனர். இருபத்தொரு நாள் போதும் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவியுள்ளது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், தொண்ணூற்றாறு பேரைக் கொண்டு பன்னிரண்டு வாரம் நடத்திய ஆய்வின் முடிவு 2010-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. உணவு, குடிநீர், உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒரு சிறு செயலை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டு, நாளின் குறித்த ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துச் செய்துவந்தனர். அச்செயல் தானே நிகழும் நிலையை அடைய 66 நாள் ஆகும் என்பது அவர்கள் கண்ட நடு அளவு. ஆயினும், ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி. ஒருவர்க்கு 18 நாளே போதுமாயிருந்தது. மற்றொருவர்க்கு 254 நாள் தேவைப்படும் எனக் கணக்கிட்டனர். ஒரு குவளை நீர் அருந்தும் பழக்கத்தைவிட உடற்பயிற்சிப் பழக்கம் வேரூன்ற நெடுநாள் பிடித்தது. இது எதிர்பார்க்கத் தக்கதே. இடையில் ஒரு நாள் தவறினால் அதனால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதும் 'எல்லாம் போயிற்று' என்று முழுவதையும் கைவிடுவோர் இச்செய்தியை அறிந்திருத்தல் வேண்டும். காய்ச்சல் வந்தால் ஓய்ந்திருப்பதே அறிவு; தேர்வு நாளில் நேரம் கிடைக்காமற் போகலாம். தவறிய நாளைவிட, அதற்கு அடுத்த நாளில் செய்வது யாது என்பதே பெரிது.

நடைப் பழக்கத்தை வாழ்நாள் முழுவதும் விடாது போற்றிய பெரியோருள் காந்தியடிகள் ஒருவர். பள்ளிப் பருவத்தில் அவர் உடற்பயிற்சியை விரும்பியவர் அல்லர். கட்டாயம் ஆக்கப்படும் வரையில் ஆட்டங்களில் கலந்துகொண்டதே இல்லை. கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் வீடு சென்று நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்னும் விருப்பம் மற்றொரு காரணம். எனினும், திறந்த வெளியில் நெடுந்தொலைவு நடப்பது நல்லது என்று நூலில் படித்து, அதனை அந்நாளிலேயே கைக்கொண்டார். சட்டம் பயில இலண்டனுக்குச் சென்றபோது, எங்குச் செல்வதாயினும் தொடக்கத்தில் வண்டியிலேயே சென்றார். நடைக்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்க முற்பட்டபோது, வேலையுள்ள இடத்தை அரைமணி நேரத்தில் நடந்தே அடையத் தக்க வீட்டைத் தேர்ந்து குடிபுகுந்தார். வண்டிச் செலவு மிச்சமாயிற்று. நாளொன்றுக்கு எட்டு அல்லது பத்து மைல் நடையும் தானே வந்து சேர்ந்தது. இலண்டனில் வாழ்ந்த காலத்தில் நோயின்றி இருந்தமைக்கு அந்நடையே காரணம் எனப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்.

அவர் செய்த மாற்றம் எத்துணை எளியது என்று பார்த்தல் வேண்டும். நடைக்காக நாளில் ஓர் இடம் தேடுவதை நிறுத்திவிட்டு, நாளின் வழியிலேயே நடையை வைத்துவிட்டார். நடத்துநரின் படிக்கட்டைப் போல அதுவும் தவிர்க்க முடியாததாயிற்று. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக டால்ஸ்டாய் பண்ணை அமைந்தபோதும் இம்முறையையே காண்கின்றோம். தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்த அப்பண்ணை ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் இருந்தது. சொந்த வேலைக்காக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது அங்கு விதி. சாமத்தில் எழுந்து புறப்பட்டுப் பொழுது புலர்ந்த பின்னர் நகரை அடைவர். இக்காலத்தார்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், 1930-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டபோது அவர்க்கு வயது அறுபது. வழியின் நீளம் 241 மைல். உடன் சென்றோருள் பெரும்பாலோர் அவரினும் மிக இளையவர். ஏப்பிரல் 5-ஆம் நாள் அவர் தண்டியை அடைந்தார். அந்த இருபத்து நான்கு நாள் நடைக்கெனத் தனியே ஒரு பயிற்சி அவர்க்குத் தேவைப்படவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாக அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஒருவர் தனித்து நின்று காக்கும் பழக்கத்தை ஒரு நாடே கூடிக் காப்பதும் உண்டு. சப்பானிய மக்களின் 'ரேடியோ டைசோ', அதாவது வானொலி உடற்பயிற்சி, அத்தகையது. அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று 1925-இல் வானொலி வழியாக உடற்பயிற்சி நடத்தியதைக் கண்டறிந்த சப்பானிய அஞ்சல் துறைக் காப்பீட்டு அலுவலர், தம் நாட்டிலும் அதனைத் தொடங்க விரும்பினர். காப்பீடு செய்துகொண்டோர் நெடுநாள் வாழ்வது அவர்க்கும் ஆதாயமே! 1928-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1930-இல் தோக்கியோ நகரின் காந்தா பகுதியில் காவலர் ஒருவர், கோடை விடுமுறையில் சிறுவர்களைக் காலையில் கூட்டி இப்பயிற்சியைச் செய்விக்கத் தொடங்கினார். அவ்வழக்கம் நாடெங்கும் பரவிற்று.

போர்க்காலத்தில் அரசு இப்பயிற்சியை மக்களை ஒரே அணியில் நிறுத்தும் கருவியாகவும் பயன்படுத்திக்கொண்டது. அதனால் போர் முடிந்தபின் இஃது ஐயத்திற்கு உள்ளாகி நின்றுபோயிற்று. புதிய அசைவுகளுடன் 1951-இல் மீண்டும் உயிர் பெற்றது. இன்றும் காலை ஆறரை மணிக்குப் பத்து மணித்துளி நேரம் அந்த ஒலிபரப்பு நிகழ்கின்றது. முதற் பயிற்சியில் பதின்மூன்று அசைவுகள். ஒரு பியானோவின் இசைக்கு ஏற்பக் கைகளை உயர்த்துதல், வளைதல், குதித்தல் போன்ற எளிய செயல்களே அவை. ஏறத்தாழ மூன்று மணித்துளியில் முடிந்துவிடும். பூங்காவில் பாட்டியும் பேரனும் ஒன்றாக நின்று செய்வர். கோடை விடுமுறையில் சிறுவர் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு வருவர். வந்த ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு முத்திரை குத்தப்படும். முத்திரைக்காக எழுந்த சிறுவன் ஒரு நாள் தாத்தாவாகி, முத்திரை இல்லாமலே எழுகின்றான்.

மூன்று மணித்துளி அசைவு உடலுக்குப் போதுமா என்று கேட்கலாம். போதாது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரி அறுபது மணித்துளியேனும் மூச்சு விரையும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. ஆயினும், இவ்வறுபதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு நடந்தோ மிதிவண்டியிலோ செல்வதும், மாலையில் சடுகுடு ஆடுவதும், கயிறு தாண்டுவதும், கிணற்றிலிருந்து நீர் இறைப்பதும் இக்கணக்கில் சேரும். பதினொன்று முதல் பதினேழு வயது வரை உள்ளோருள் நூற்றுக்கு 81 பேர் இவ்வளவு இயக்கமும் இன்றி இருக்கின்றனர் என்று உலக நாடுகள் பலவற்றின் 2016-ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்து அந்நிறுவனம் கண்டது.

அவருள்ளும் பெண் மக்களின் நிலை பின்தங்கியது. ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் சிறுவரைவிடச் சிறுமியரே குறைவாக உடலை இயக்குகின்றனர். பத்து வயது வரை தெருவில் பாண்டி ஆடிய சிறுமி, பின்னர்த் திண்ணையோடு நிறுத்தப்படுகின்றாள். அவளுக்கு விடாமுயற்சி இல்லை என்று கூறுவது நேர்மை ஆகாது. களம் அவளுக்குத் திறக்கப்படவில்லை. பள்ளி மைதானத்தில் மாணவியர்க்கெனக் குறித்த நேரமும், அந்நேரத்தில் வேறு வேலை ஏவப்படாமையும் இருந்தால், பழக்கம் அவர்களிடமும் தானே வளரும். பழக்கம் உள்ளத்தின் உறுதியால் மட்டும் நிற்பதில்லை. இடமும் நேரமும் துணையும் அதனைத் தாங்குகின்றன. படிக்கட்டு இல்லாவிடின் அந்த நடத்துநர் ஏறியிருக்க மாட்டார்.

இனி, டல்லாஸ் நகரத்து ஐவரிடம் மீண்டும் வரலாம். முப்பது ஆண்டுகள் சென்றன. 1996-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதே ஐவரைத் தேடி அழைத்தனர். இருபது வயது இளைஞர் ஐம்பது வயதினராய் வந்தனர். அன்று சராசரி 77 கிலோகிராம் இருந்தவர் இப்போது 100 கிலோகிராம் ஆகியிருந்தனர். உடற்கொழுப்பு இருமடங்காகியிருந்தது. உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலை அளந்தபோது அறிஞர்களே வியந்தனர். முப்பது ஆண்டு முதுமை அவ்வாற்றலில் குறைத்திருந்த அளவு, அன்று மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவைவிடச் சிறிதாக இருந்தது!

அவர்களுக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. இம்முறை எட்டு வாரக் கடும் பயிற்சி அன்று. ஆறு திங்கள் நீண்ட மென்பயிற்சி. நடை, மெல்லோட்டம், நிலைமிதிவண்டி ஆகியவற்றுள் தமக்கு இசைந்ததைச் சிறுகச் சிறுக உயர்த்திச் செய்தனர். முடிவில் வாரத்திற்கு நான்கரை மணி நேர அளவை எட்டினர். ஐம்பது வயதினரை அவசரப்படுத்துவதில் பயன் இல்லை என்பதை மருத்துவர் உணர்ந்திருந்தனர். உடல் எடை மிகுதியாகக் குறைந்துவிடவில்லை. சராசரி நான்கு அல்லது ஐந்து கிலோகிராமே இறங்கிற்று. எடைப்பொறியை மட்டும் நம்பியிருந்தால் ஐவரும் மனம் சோர்ந்து பாதியில் விட்டிருக்கவும் கூடும். ஆனால், ஆறு திங்கள் கழித்து அவர்களுடைய ஆற்றலை அளந்தபோது, 1966-ஆம் ஆண்டில் படுக்கையில் படுப்பதற்கு முதல் நாள், இருபது வயதில், அவர்களிடம் இருந்த அதே அளவு மீண்டும் வந்திருந்தது.